மோட்டார் வண்டியின் மின் உறுப்புகளைச் சோதித்தல்

தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும். அம்மருந்துகள் குளிர்பெட்டியில் அடுக்கப்பட்டு, ஊழியர்களும் ஏறி அமர்ந்த பின்னர், ஜீப்பின் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஓர் ஒலி மட்டும் எழுந்து எஞ்சின் அசையாது நின்றுவிடுமாயின், அன்றைய பயணம் தடைப்படும். மருந்தும் வீணாக நேரலாம். பட்டறைகள் தொலைவில் உள்ள இடங்களில் பணிபுரிவோர் அனைவரும் இத்தகைய இடர்ப்பாட்டை எதிர்பார்த்தே இருக்க வேண்டியவர்களாவர்.

இந்நிலையில் பெரும்பாலும் நடைபெறுவது யாதெனில், பாட்டரி கெட்டுவிட்டது என ஊகித்துப் புதிய பாட்டரி ஒன்றை வாங்கிப் பொருத்துவதே. அதன் பின்னும் அதே ஒலி எழுந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றப்படுகிறது. இவ்வாறு நல்ல உறுப்புகள் பல மாற்றப்பட்ட பிறகு, எஞ்சினையும் வண்டியின் சட்டத்தையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டையின் அடியில் படிந்திருந்த துருவே குறைக்குக் காரணம் என்பது தெரிய வருவதுண்டு. அத்துருவைச் சுரண்டி நீக்க ஓர் உப்புத்தாள் துண்டே போதும். குறையை ஊகித்தலுக்கும் அளந்தறிதலுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. அளந்தறிவதற்குத் தேவையான கருவிகள் கையில் அடங்குபவை, விலையும் பெரிதன்று. ஆனால் ஒவ்வொரு கருவியும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்து பயன்படுத்தினால்தான் அவை உண்மையை உரைக்கும்.

மின்சுற்றின் அமைப்பு

வீட்டு விளக்கிற்கு மின்சாரம் செல்ல ஒரு கம்பியும் திரும்ப ஒரு கம்பியும் வேண்டும். மோட்டார் வண்டியில் செல்லும் வழிக்கு மட்டுமே பெரும்பாலும் கம்பி உண்டு. திரும்பும் வழியாக வண்டியின் இரும்புடலே பயன்படுகிறது. பாட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். தொழிலாளர் இதனை 'எர்த்' என்று வழங்குவர். பழைய ஆங்கிலேய வண்டிகள் சிலவற்றில் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலத்து வண்டிகளில் அவ்வழக்கம் இல்லை.

திரும்பும் வழி இரும்பாக இருப்பதால் கம்பியின் செலவு குறைகிறது. ஆயினும் அவ்வழியிலுள்ள ஒவ்வொரு போல்ட்டும், ஒவ்வொரு பட்டையும், வண்ணப்பூச்சு நீங்கிய ஒவ்வோர் இடமும் சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. மழைநீரும் சேறும் கடற்காற்றும் முதலில் தாக்குவது இவ்விடங்களையே. எனவே, விளக்கு எரியாதபோது செல்லும் வழியை மட்டும் ஆராய்ந்து திரும்பும் வழியை மறந்துவிடுதல் பெரும் பிழையாகும்.

ஜெர்மானிய விஞ்ஞானி ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இச்சோதனைகள் அனைத்திற்கும் அடிப்படை. ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தம், அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தை அதன் மின்தடையால் பெருக்கினால் வரும் தொகைக்குச் சமம். பாட்டரி தரும் 12 வோல்ட்டு முழுவதும் விளக்கின் முனைகளுக்கிடையே செலவாக வேண்டும். வழியில் தளர்ந்த இணைப்போ களிம்பேறிய முனையோ இருப்பின், அதுவும் தன் பங்கிற்குச் சில வோல்ட்டுகளை விழுங்கிவிடும். எஞ்சியது மட்டுமே விளக்கிற்குக் கிட்டும்.

மூன்று கருவிகள்

முதலாவது, சோதனை விளக்கு. கூரிய முனையுள்ள ஒரு கைப்பிடி, அதனுள் 12 வோல்ட்டுச் சிறு பல்பு, எர்த்தில் கவ்வுவதற்கு ஒரு கவ்வியுடன் கூடிய கம்பி ஆகியவையே இதன் உறுப்புகள். 5 வாட் பல்பு பொருத்தப்பட்ட விளக்கு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். கூர்முனையை ஓரிடத்தில் தொட்டவுடன் விளக்கு எரிந்தால் அங்கு மின்சாரம் வந்துள்ளது எனலாம். கவ்வியைப் பாட்டரியின் நேர்முனையில் மாட்டினால், அதே விளக்கு எர்த்தைச் சோதிக்கவும் உதவும்.

இரண்டாவது, மல்டிமீட்டர் எனப்படும் பன்முக அளவி. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே கருவியால் அளக்கும் முறை, பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளரான டொனால்டு மக்காடி என்பவரின் கருத்திலிருந்து பிறந்தது. அக்கருவி 1923-ஆம் ஆண்டில் 'ஆவோமீட்டர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்றைய எண்காட்டும் மல்டிமீட்டர்களின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம், அதாவது ஒரு கோடி ஓம் ஆகும். எனவே மின்னழுத்தத்தை அளக்கும்போது, சோதிக்கும் சுற்றிலிருந்து அவை எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகவும் அற்பமானதே.

மூன்றாவது, மின்னூட்டும் சோதனைக்கோல். இதன் நீண்ட கம்பியின் இரு கவ்விகளும் பாட்டரியின் இரு முனைகளிலும் மாட்டப்படும். கோலின் கூர்முனை நேர்மின்சாரத்தைத் தொட்டால் சிவப்பு ஒளியும், எர்த்தைத் தொட்டால் பச்சை ஒளியும் தோன்றும். கைப்பிடியிலுள்ள விசையை முன்னோ பின்னோ அழுத்தினால், பாட்டரியின் மின்சாரத்தையோ எர்த்தையோ கூர்முனை வழியே விரும்பிய உறுப்பிற்குச் செலுத்தலாம். அளவுக்கு மீறி மின்னோட்டம் சென்றால் உள்ளிருக்கும் துண்டிப்பான் சுற்றை முறித்துவிடும். விளக்கும் அளவியும் உள்ளதை மட்டும் உரைப்பவை. இக்கோலோ உறுப்பை இயக்கியே பார்க்கும் ஆற்றலுடையது. அதன் பயனும் அபாயமும் இவ்வாற்றலிலேயே அடங்கியுள்ளன.

கருவி காண்பதும் காணாததும்

முகப்பு விளக்கிற்குச் செல்லும் இணைப்பொன்றில் களிம்பேறி, அங்கு 100 ஓம் தடை தோன்றியுள்ளதாகக் கொள்வோம். விளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால், அது 12 வோல்ட்டு எனவே காட்டும். அளவியின் ஒரு கோடி ஓமுக்கு முன் 100 ஓம் ஒரு பொருட்டன்று; ஆதலின் களிம்பின் வழியே ஏற்படும் வீழ்ச்சி ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அளவி பொய் கூறவில்லை. ஆயினும் அதனை நம்பியவர் கம்பி நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்து ஏமாறுவார். அதே இடத்தில் சோதனை விளக்கைத் தொட்டால் அது எரியாது. ஏனெனில், விளக்கு எரிய வேண்டிய 0.4 ஆம்பியர் அக்களிம்பின் வழியே செல்ல இயலாது.

இனி, களிம்பின் தடை 1 ஓம் மட்டுமே எனக் கொள்வோம். இப்பொழுது சோதனை விளக்கும் நன்றாகவே எரியும். அதற்கு ஏற்படும் இழப்பு 0.4 வோல்ட்டிற்கு உட்பட்டதே. ஆனால் 60 வாட் முகப்பு விளக்கிற்கு 5 ஆம்பியர் வேண்டும். அதன் தடையோ எரியும் நிலையில் 2.4 ஓம். எனவே அதற்குச் சேர வேண்டிய 12 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைக் களிம்பு விழுங்கிவிட, விளக்கு மங்கி எரியும். இங்குச் சோதனை விளக்கும் ஏமாற்றிவிட்டது.

தடை 0.01 ஓம் எனில் முகப்பு விளக்கிற்கும் ஒரு குறையும் தோன்றாது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும்போது, அந்நுண்ணிய தடையே 1.5 வோல்ட்டை விழுங்கும். அத்தகைய மூன்று இணைப்புகள் இருப்பின் மோட்டார் சுழலாது. சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பகுதியைக் கொண்டு 0.01 ஓமை அளத்தல் இயலாது. அளவியின் சொந்தக் கம்பிகளின் தடையே அதனினும் மிகுதி.

இம்மூன்று எடுத்துக்காட்டுகளிலிருந்தும் பெறப்படும் உண்மை ஒன்றே. ஒரு கருவி எவ்வளவு மின்னோட்டத்தைச் சுற்றின் வழியே செலுத்துகிறதோ, அம்மின்னோட்டத்திற்கு இடையூறான குறையை மட்டுமே அது காணும். ஆகையால், ஓர் உறுப்பு தன் முழு வேலையைச் செய்யும் நிலையில் வைத்தே அதன் சுற்றைச் சோதித்தல் வேண்டும்.

அழுத்த வீழ்ச்சிச் சோதனை

மேற்கூறிய உண்மையைப் பயன்படுத்தும் முறையே அழுத்த வீழ்ச்சிச் சோதனை. இதில் மல்டிமீட்டரை வோல்ட்டுப் பகுதியில் வைத்து, சோதிக்க வேண்டிய கம்பி அல்லது இணைப்பின் இரு முனைகளிலும் தொட வேண்டும். பிறகு உறுப்பை இயக்க வேண்டும். நல்ல கம்பியாயின் அளவி சுழியை ஒட்டியே நிற்கும். அது காட்டும் ஒவ்வொரு வோல்ட்டும் அவ்விடத்தில் இழக்கப்படும் வோல்ட்டே ஆகும். எதனையும் கழற்ற வேண்டுவதில்லை.

ஸ்டார்ட்டரைச் சோதிக்கும் முறை பின்வருமாறு. எஞ்சின் இயங்கத் தொடங்காதவாறு எரிபொருளையோ தீப்பொறியையோ தடுத்துவிட வேண்டும். இதற்கு வண்டியின் கையேட்டில் கூறிய வழியைப் பின்பற்றுதல் நலம். கியர் நடுநிலையிலும் கைப்பிரேக் இழுக்கப்பட்டும் இருக்க வேண்டும். அளவியின் சிவப்பு முனையைப் பாட்டரியின் நேர்முனைத் தூணிலும், கறுப்பு முனையை ஸ்டார்ட்டரில் பாட்டரிக் கம்பி வந்து சேரும் இடத்திலும் வைத்து, உடன் இருப்பவரைச் சாவியைச் சில விநாடிகள் திருப்பச் சொல்ல வேண்டும். வீழ்ச்சி 0.5 வோல்ட்டிற்கு மேற்படலாகாது. அடுத்து, சிவப்பு முனையை ஸ்டார்ட்டரின் இரும்புக் கூட்டிலும் கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனைத் தூணிலும் வைத்து அவ்வாறே செய்ய வேண்டும். இது எர்த்து வழி. இங்கு வீழ்ச்சி ஏறத்தாழ 0.2 வோல்ட்டிற்குள் அடங்குதல் நன்று.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அளவியின் முனை, கம்பியின் கவ்வியைத் தொடாமல் பாட்டரியின் ஈயத் தூணையே தொட வேண்டும். தூணுக்கும் கவ்விக்கும் இடையிலேயே வெண்ணிறப் படிவு சேர்ந்து குறை விளைவது மிகுதி. கவ்வியைத் தொட்டு அளந்தால் அக்குறை சோதனைக்கு வெளியே நின்றுவிடும். வீழ்ச்சி மிகுந்திருப்பின், ஒரு முனையை அசையாது வைத்து மற்றதை இணைப்பு இணைப்பாக நகர்த்திச் சென்றால், எவ்விடத்தில் எண் திடீரெனக் குறைகிறதோ அவ்விடமே குறையுள்ள இடம் எனத் தெளியலாம்.

பாட்டரியும் மின்னாக்கியும்

1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி பிளாந்தே அமைத்த ஈய-அமில பாட்டரியின் வழிவந்ததே இன்றைய வண்டிப் பாட்டரி. அதில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். சில மணி நேரம் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட்டு காட்டினால் நிறைவாக ஏற்றப்பட்டது எனவும், 12.4 காட்டினால் முக்கால் பங்கு, 12.2 காட்டினால் அரைப்பங்கு, 12.0 காட்டினால் கால் பங்கு எனவும் கொள்ளலாம். வண்டி அப்பொழுதுதான் ஓடி நின்றிருந்தால் இவ்வளவு உண்மையாகாது. முகப்பு விளக்கை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்துச் சற்றுப் பொறுத்து அளத்தல் வேண்டும். கனரக லாரிகளிலும் பேருந்துகளிலும் இரு பாட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட்டு பெறுவதால், இவ்வெண்களை அங்கு இரட்டித்துக்கொள்ள வேண்டும்.

பாட்டரியின் உண்மையான வலிமை ஓய்வில் தெரிவதில்லை, உழைப்பிலேயே தெரியும். ஸ்டார்ட்டர் சுழலும்போது பாட்டரியின் மின்னழுத்தம் 9.6 வோல்ட்டிற்குக் கீழ் இறங்கலாகாது. முற்கூறிய 'டக்' ஒலியின் பொருளை அறிய இவ்வளவு பெரிதும் உதவும். ஒலி எழும்போது பாட்டரியின் தூண்களில் 12 வோல்ட்டு குறையாது நிற்குமாயின், பாட்டரியிலிருந்து போதிய மின்னோட்டம் வெளிச்செல்லவில்லை என்பது பொருள். எனவே இணைப்புகளையும் எர்த்துப் பட்டையையும் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளையும் ஆராய வேண்டும். ஒலியோடு மின்னழுத்தம் 6 அல்லது 7 வோல்ட்டிற்கு விழுமாயின், பாட்டரி நலிந்துள்ளது, அல்லது ஸ்டார்ட்டரோ எஞ்சினோ இறுகியுள்ளது என அறியலாம். ஒரே ஒலிக்கு இருவேறு காரணங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியபின் பாட்டரியின் முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்டு வரை காணப்பட வேண்டும். 13 வோல்ட்டிற்கும் குறைவாக நின்றால் ஆல்டர்னேட்டர் பாட்டரியை ஏற்றவில்லை. அதன் பட்டை, கார்பன் பிரஷ், இணைப்புகள் ஆகியவற்றை ஆராய வேண்டும். 15 வோல்ட்டிற்கு மேற்பட்டால் ஒழுங்குபடுத்தி பழுதுற்றது; பாட்டரியின் நீர் கொதித்து வற்றும். எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு ஏற்றத்தைக் கணினியே கூட்டியும் குறைத்தும் நடத்தும் புதிய வண்டிகளில் இவ்வளவு வேறுபடும். அங்குத் தயாரிப்பாளரின் கையேடே வழிகாட்டி.

உருகியும் ரிலேயும்

உருகி எனப்படும் பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தல் போதாது; மயிரிழை போன்ற வெடிப்பு கண்ணுக்குப் புலப்படாது. இக்காலத்துத் தட்டை உருகிகளின் தலையில் இரு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். சுற்றை இயக்கி, சோதனை விளக்கால் அவ்விரண்டையும் தொட வேண்டும். இரண்டிலும் எரிந்தால் உருகி நன்று. ஒன்றில் மட்டும் எரிந்தால் உருகி அற்றுப்போயிற்று. இரண்டிலும் எரியாவிடின் அதற்கு முன்னரே மின்சாரம் தடைப்பட்டுள்ளது. மாற்றும்போது அதே அளவுள்ளதையே இட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்பது நிற வழக்கு. உருகிக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது வண்டிக்குத் தீயிடுவதற்கு ஒப்பாகும்.

புதிய உருகியும் உடனே அற்றுப்போனால், எங்கோ கம்பி எர்த்தைத் தொடுகிறது. இடத்தைக் கண்டறிய மேலும் மேலும் உருகிகளை வீணாக்க வேண்டுவதில்லை. உருகியின் இடத்தில் 60 வாட் முகப்பு விளக்கின் பல்பு ஒன்றை இரு கம்பிகளால் இணைத்துவிட்டால், மின்னோட்டம் 5 ஆம்பியருக்கு மேல் செல்லாது. பல்பு முழு ஒளியுடன் எரியும். அச்சுற்றிலுள்ள உறுப்புகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றியும், கம்பிக் கற்றையை ஆங்காங்கே அசைத்தும் வந்தால், எந்நேரத்தில் பல்பு மங்குகிறதோ அந்நேரத்தில் கையிலிருப்பதே குறையுள்ள பகுதி.

ரிலேயில் 30, 85, 86, 87 என எண்ணிட்ட முனைகள் உண்டு. 85, 86 ஆகியவை உள்ளிருக்கும் காயிலின் முனைகள். 30, 87 ஆகியவை பெரிய மின்னோட்டம் செல்லும் தொடுமுனைகள். காயிலின் தடை பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் வரை இருக்கும். 85-ஐ எர்த்தோடு இணைத்து, சோதனைக்கோலால் 86-க்கு மின்னூட்டினால் மெல்லிய ஒலி கேட்கும். சில ரிலேகளின் காயிலுக்குக் குறுக்கே டையோடு வைக்கப்பட்டிருப்பதால் நேர், எதிர் முனைகளை மாற்றிவிடலாகாது. ஒலி கேட்டதுமே ரிலே நன்று எனத் தீர்மானித்தலும் தவறு. தொடுமுனைகள் கருகியிருப்பினும் ஒலி எழும். ஆகையால் 30-க்கு மின்சாரம் தந்து, 87-இல் ஒரு முகப்பு விளக்கை இணைத்து, அது முழு ஒளியுடன் எரிகிறதா எனக் காண வேண்டும்.

சோதனைக்கோலின் பயன்

குளிர்விசிறி, ஹார்ன், துடைப்பான், கண்ணாடி ஏற்றும் மோட்டார் போன்ற தனித்தியங்கும் உறுப்புகளில் சோதனைக்கோல் சிறந்து பயன்படும். விசிறி சுழலாதபோது அதன் இணைப்பைக் கழற்றி, ஒரு முனையை எர்த்தோடு சேர்த்து மறுமுனைக்குக் கோலால் மின்னூட்ட வேண்டும். விசிறி சுழன்றால் குறை அதற்கு முன்னுள்ள கம்பி, ரிலே, விசை ஆகியவற்றில் உள்ளது. சுழலாவிடின் விசிறியே பழுதானது. வண்டியின் கம்பிகள் யாவும் செல்லும் பாதையை அறியாதவரும் இவ்வொரு சோதனையால் தேட வேண்டிய எல்லையைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

இணைப்பைக் கழற்றாமல் கம்பியின் நடுவில் மின்னூட்டுதல் ஒருபொழுதும் கூடாது. மின்சாரம் விரும்பாத திசையிலும் பாயும். கம்பியின் காப்புறையைக் குத்தித் துளைத்தலும் தகாது. அத்துளை வழியே ஈரம் புகுந்து, சில மாதங்களில் உள்ளேயே களிம்பேறும். இணைப்பின் பின்புறமாக மெல்லிய முனையைச் செருகித் தொடுதலே முறை. பெட்ரோல் பம்பின் அருகே தீப்பொறி எழும் சோதனை எதனையும் செய்யலாகாது.

தொடக்கூடாத இடங்கள்

நாடெங்கும் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் நிலை 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றிற்கேற்ப அமைந்த வண்டிகளில் எஞ்சினைக் கணினியே ஆள்கிறது. கணினிக்குச் செய்தி தரும் உணரிகள் பல 5 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றின் கம்பியில் சோதனைக்கோலால் 12 வோல்ட்டு ஊட்டினால், ஒரு நொடியில் கணினி பழுதாகலாம். சோதனை விளக்கு எடுக்கும் 0.4 ஆம்பியரே, ஆயிரத்தில் சில பங்கு ஆம்பியருக்கென அமைந்த டிரான்சிஸ்டரை எரித்துவிடப் போதுமானது. முன்னர் மல்டிமீட்டரின் குறையாகக் கூறப்பட்ட பெரிய உள்தடையே இங்கு அதன் சிறப்பாகிறது. உணரிகளின் கம்பிகளை அதனால் மட்டுமே அளக்க வேண்டும்.

இவ்வண்டிகளில் பதினாறு துளைகளுள்ள சோதனைக் குழி ஒன்று உண்டு. அதில் உரிய கருவியைச் செருகினால், கணினி குறித்துவைத்துள்ள பழுது எண் தெரியும். அவ்வெண் வழக்கின் தொடக்கமே அன்றித் தீர்ப்பு அன்று. எஞ்சின் வெப்ப உணரியின் எண் தோன்றினால், உணரியும் கெட்டிருக்கலாம். அதன் கம்பி அறுந்துமிருக்கலாம். இணைப்பைக் கழற்றிக் கம்பிப் பக்கத்தில் 5 வோல்ட்டு வருகிறதா என அளந்து, பின் உணரியின் தடை வெப்பத்தோடு குறைகிறதா எனப் பார்த்த பிறகே புதிய உணரியை வாங்குதல் அறிவுடைமை. கணினிகள் தம்முள் செய்தி பரிமாறும் முறுக்கிய இரட்டைக் கம்பியின் இருமுனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பது வழக்கம். பாட்டரியைக் கழற்றியபின் அவ்விரு கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 60 ஓம் காணப்படும். 120 ஓம் காணப்பட்டால் ஒரு முனை துண்டிக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

விபத்தில் விரியும் காற்றுப்பையின் கம்பிகளை எக்கருவியாலும் தொடலாகாது. அதனுள் வெடிமருந்து உண்டு. சிறு மின்னோட்டமும் அதைத் தூண்டக்கூடும். ஓம் அளக்கும் அளவியும் தன் பாட்டரியிலிருந்து சிறு மின்னோட்டத்தைச் செலுத்தியே அளக்கிறது என்பதை மறத்தல் கூடாது. மின்சார வண்டிகளிலும் கலப்பு வண்டிகளிலும் காணப்படும் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட்டு ஓடும்; அது உயிரைப் போக்கும். அவ்வேலை தனிப்பயிற்சி பெற்றவர்களுக்கே உரியது.

பாட்டரியருகே புகைபிடித்தலும் தீப்பொறி எழுப்புதலும் கூடா. ஏற்றப்படும் பாட்டரியிலிருந்து எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. மோதிரத்தையும் உலோகக் கடிகாரப் பட்டையையும் கழற்றிவிட வேண்டும். பாட்டரியைக் கழற்றும்போது எர்த்து முனையை முதலிலும், மாட்டும்போது அதனை இறுதியிலும் கையாள வேண்டும். இம்முறையில், கையிலுள்ள திருகி தவறி வண்டியின் உடலைத் தொட்டாலும் குறுக்குச்சுற்று ஏற்படாது.

இரவில் வற்றும் பாட்டரி

மாலையில் நன்றாயிருந்த வண்டி இரண்டொரு நாள் நின்றபின் கிளம்பாவிடில், நிறுத்தியிருக்கும்போதும் ஏதோ ஒன்று மின்சாரத்தை உண்கிறது என ஐயுற வேண்டும். கடிகாரம், கணினியின் நினைவு முதலியவற்றிற்கு 0.05 ஆம்பியர் வரை செலவாதல் இயல்பு. ஆனால் பெட்டியறை விளக்கொன்று அணையாமல் 0.5 ஆம்பியர் செலவானால், ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி இழப்பாகும்; 60 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும்.

இதனை அறிய, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, தூணுக்கும் கம்பிக்கும் இடையே அளவியை 10 ஆம்பியர்ப் பகுதியில் வைத்து இணைக்க வேண்டும். அந்நிலையில் சாவியைத் திருப்பலாகாது. ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் அளவியைக் கெடுத்துவிடும். புதிய வண்டிகளின் கணினிகள் உறங்குவதற்கு அரைமணி நேரம்கூட ஆகலாமாதலின் பொறுமை வேண்டும். அதன்பின் உருகிகளை ஒவ்வொன்றாக எடுக்க, எதை எடுத்ததும் எண் வீழ்கிறதோ அச்சுற்றிலேயே குறை உள்ளது.

வகுப்பறையில் காட்டத்தக்க சோதனை

ஓம் விதியை மாணவர் மனத்தில் பதிய வைக்க ஆசிரியர்கள் இதனைப் பயன்படுத்தலாம். ஒரு 12 வோல்ட்டுப் பாட்டரி, 12 வோல்ட்டு 5 வாட் பல்பு, 5 வாட் வெப்பம் தாங்கும் 100 ஓம் மின்தடை, ஒரு மல்டிமீட்டர், 1 ஆம்பியர் உருகி ஆகியவை போதும். பாட்டரியின் நேர்முனையில் உருகியையும், அதனையடுத்து மின்தடையையும் இணைத்து, மின்தடையை ஒரு துணியால் மூடிவிட வேண்டும். அதன் வெளிமுனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் 12 வோல்ட்டு தெரியும். 'பல்பு எரியுமா?' என மாணவரை வினவினால், எரியும் என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். பல்பை இணைத்தால் அது எரியாது. பல்பு இணைந்திருக்கும்போதே அதன் முனைகளில் மீண்டும் அளந்தால், ஒரு வோல்ட்டிற்கும் குறைவே இருக்கும். எஞ்சிய மின்னழுத்தம் எங்கே சென்றது என்று அவர்களையே தேடச் செய்து, இறுதியில் மின்தடையின் இரு முனைகளிலும் அளந்து காட்டலாம். மின்னோட்டம் இல்லாதபோது வீழ்ச்சியும் இல்லை என்னும் உண்மை அப்பொழுது தானே விளங்கும்.

கருவிகள் நாளுக்கு நாள் திருந்தி வருகின்றன. வண்டிகளும் மாறி வருகின்றன. ஆயினும் சோதிப்பவர் தமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினாக்கள் மாறவில்லை. மின்சாரம் உறுப்பு வரை வந்துள்ளதா? அது திரும்பிச் செல்ல வழி உண்டா? உறுப்பு உழைக்கும்போதும் அம்மின்சாரம் குறையாது நிற்கிறதா? இம்மூன்றிற்கும் அளவியின் விடை கிடைத்த பின்னரே ஓர் உறுப்பைக் கெட்டது எனக் கூறலாம். பாட்டரியின் தூண்களும் எர்த்துப் பட்டையும் மாதத்திற்கொரு முறை துடைத்து இறுக்கப்பட்டு, சோதனை விளக்கும் மல்டிமீட்டரும் வண்டிப் பெட்டியில் இடம்பெறுமாயின், குளிர்பெட்டியிலுள்ள மருந்து உரிய நேரத்தில் ஊரைச் சென்றடையும்.